நாக்குக்கு அடியில்

ஆஸ்பத்திரித் தாதி மாத்திரையை விழுங்கச் சொல்லாததில்தான் அம்மாக்கண்ணுவுக்கு முதல் சந்தேகம் வந்தது. மருமகள் ஷாமிலாவை நாக்கைத் தூக்கச் சொல்லி, அடியில் மாத்திரையை வைத்து, கரையும் வரைக்கும் பேசக்கூடாது என்று அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் எத்தனையோ மாத்திரை வாங்கித் தின்றவள் அம்மாக்கண்ணு. எதையாவது இப்படி ஒளித்து வைத்ததுண்டா, நீங்களே சொல்லுங்கள்.

உண்டு. பக்கத்து லயத்து வரிசை வீட்டு லோஜினி வைத்தாள். போன வருஷம் டவுனில் யாரிடமோ ரகசியமாக வாங்கிவந்து, இதே மாதிரி நாக்குக்கு அடியில் வைத்துத்தான் கருவைக் கலைத்துக்கொண்டாள். இரத்தம் நிற்காமல் கொழுந்து லொறியில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோனார்கள். கலைத்தது குற்றமென்று ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே பொலிஸ் வந்தது. அவள் மிச்சம் வைத்திருந்த மாத்திரையை அம்மாக்கண்ணு கண்ணால் பார்த்திருக்கிறாள். வெள்ளை நிறம், ஆறு மூலை. இதற்கும் ஆறு மூலை.

காலையில் டொக்டர் கௌசி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஸ்கேன் பார்த்துவிட்டு வந்து பொறுமையாகத்தான் சொன்னாள். "வயித்துக்குள்ள பிள்ளையின்ட துடிப்பு நிண்டிட்டுது அம்மா. அஞ்சு மாசப் பிள்ளை. இனி உள்ளுக்க விட்டா உங்கட மருமகளுக்கும் ஆபத்து. மருந்து வைச்சு நோவை வரப்பண்ணித்தான் எடுக்கவேணும்." அம்மாக்கண்ணு தலையாட்டினாள். தலையாட்டுவது வேறு, நம்புவது வேறு. ஒரு காலத்தில் அவளையும் சும்மா பார்க்கத்தான் என்று சொல்லி லொறியில் ஏற்றிப்போய், இனிப் பிள்ளையே பிறக்காதபடி ஆபரேஷன் செய்து அனுப்பினார்கள். அன்றைக்கும் வெள்ளைக் கோட்டுக்காரர்கள் இதமாகத்தான் பேசினார்கள். ஒற்றைப் பிள்ளை துஷாந்தோடு அவள் வயிறு மூடிப்போனது.

கொஞ்ச நேரத்தில் சந்தேகம் டொக்டரை விட்டு மருமகள் பக்கம் நகர்ந்தது. இப்போது பிள்ளை வேண்டாம், கார்மெண்ட் வேலைக்குப் போய்விட்டுப் பார்க்கலாம் என்று ஆரம்பத்தில் இவள்தானே போனில் துஷாந்தோடு சண்டை பிடித்தாள்? போன கிழமை தனியாகப் பொகவந்தலாவை டவுனுக்கு பஸ் ஏறிப் போனாளே, எங்கே என்று கேட்டதற்கு, சும்மா என்றாளே? அவள் ஏதாவது செய்தாளா என்பது எனக்கும் தெரியாது, கண்ணுகளா. தெரிந்த மாதிரி சொல்லவும் மாட்டேன்.

அம்மாக்கண்ணு குனிந்தாள். அடுத்த கட்டிலுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"நீயா செஞ்ச?"

ஷாமிலாவின் கண்கள் விரிந்தன. உதடு பிரியவில்லை. உள்ளே மருந்து கரைந்துகொண்டிருந்தது.

"கேக்குறேன்ல. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?"

ஷாமிலா தலையை அசைத்தாள். அது இல்லை என்பதா, கேட்காதீர்கள் என்பதா, அம்மாக்கண்ணுவுக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளும் மனநிலையிலும் அவள் இல்லை. மடியிலிருந்த போனை எடுத்துக் கொழும்புக் கடையில் வேலை செய்யும் மகனைக் கூப்பிட்டாள். அவன் இதை நம்பினால் ஷாமிலா திரும்பிப்போக ஒரு வீடு இல்லை. அது இருவருக்கும் தெரியும். ஷாமிலா எட்டிப் போனைப் பிடிக்கப் பார்த்தாள். கை எட்டவில்லை. மாத்திரையைத் துப்பிவிட்டால் பேசிவிடலாம். அவள் துப்பவில்லை. டொக்டர் சொன்னதை அவளும் கேட்டிருந்தாள். கண்ணை மூடி உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

அப்போதுதான் மருந்தின் குளிர்நடுக்கம் தொடங்கியது. முதலில் முழங்கால், பிறகு தோள். பற்கள் அடித்துக்கொண்டன. கட்டிலின் இரும்புச் சட்டம் கிடுகிடுவென்று ஆடியது.

"சொல்லுங்கம்மா," என்றது போன். "ஷாமிலா எப்புடி இருக்கா? டொக்டர் என்ன சொன்னாங்க?"

அம்மாக்கண்ணு கட்டிலின் கால்மாட்டுக்கு நகர்ந்தாள். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, போர்வைக்கு வெளியே கிடந்த மருமகளின் பாதத்தைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது. கொழுந்து பறித்துக் கறுத்து வெடித்த விரல்களால் உள்ளங்காலைப் பரபரவென்று தேய்க்கத் தொடங்கினாள். மகன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் தேய்த்தாள், மூடிய அந்த உதட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.