பட்டியலில் இல்லாத தெரு

“மேடம், வண்டி இன்னும் வர்ல. அவருக்கு வேர்த்துக் கொட்டிக்கினு கீது.”

தேவானை இரண்டாம் முறையாக அழைத்திருந்தாள். ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் முப்பது பேர் இருக்கிறோம். இந்த முறையும் அவள் என் காதிலேயே வந்து விழுந்தாள். கணவன் முருகையனுக்கு நெஞ்சுவலி. வீடு அடையாற்றங்கரையில்.

அந்தத் தெருவில்தான் நான் பிறந்தேன். இரண்டு வருடம் முன்பு எங்களையும் சேர்த்துப் பாதிப் பேரை ஊருக்கு வெளியே கொண்டுபோய்த் தள்ளினார்கள். மிச்சம் நாற்பது வீடு அங்கேயே இருக்கிறது. ரேஷன் உண்டு, கரண்டு உண்டு, ஓட்டுக் கேட்டு ஆள் வருகிறது. எங்கள் மையத்துக் கணினியில் மட்டும் ‘காலி’ என்று தெருவையே எடுத்துவிட்டார்கள். பட்டியலில் ஓர் இடத்தைத் தொடாமல் வண்டி கிளம்பாது. அதனால் முதல் அழைப்பில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பக்கத்தில் பட்டியலில் இருந்த பாலத்து பஸ் ஸ்டாப்பைப் போட்டுவிட்டு, “அங்க வந்து நில்லுங்கம்மா” என்றேன். தெரு தெரிந்த நானே அப்படிச் சொன்னேன்.

“ஏம்மா பாலத்துக்கு வரல?”

“அவரு தலைய மடில வெச்சிக்கினு கீறேன். அக்கம்பக்கத்துல அல்லாரும் வேலைக்குப் பூட்டாங்க. எப்டிமா வர்றது?”

திரையைப் பார்த்தேன். பத்து நிமிடம் நின்ற வண்டி, ‘நோயாளி இல்லை’ என்று முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது. தேவானையின் எண் பொய் அழைப்புகளின் பட்டியலில் ஏறியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“புதுசா கேஸ் போடு ருக்சார்” என்றார் மேற்பார்வையாளர் சுவாமிநாதன்.

“எந்த இடம்னு சார்?”

“லிஸ்ட்ல இருக்கறதைப் போடு.”

மறுபடியும் அதே பஸ் ஸ்டாப்பா? மறுபடியும் பத்து நிமிடமா? இவர் வீட்டு ஆள் என்றால் இப்படிச் சொல்வாரா?

ஓட்டுநர் பெயரும் எண்ணும் திரையில் தெரியும். அவரிடம் நாங்கள் பேசக் கூடாது. இருக்கையில் கைப்பேசியும் கூடாது. பையிலிருந்து என் கைப்பேசியை எடுத்து, எல்லோரும் பார்க்கவே அந்த எண்ணை அழுத்தினேன்.

“அசோகன் அண்ணா, வண்டியத் திருப்புங்க. பாலத்துக்குக் கீழ மண் ரோடு எறங்குது. ஒடஞ்ச சுவரு வரும், அதுக்கு உள்ளாற.”

“கேஸ் முடிஞ்சிச்சேம்மா. மேப்புல அங்க ஒண்ணுமே இல்லியே?”

“மேப்ப வுடுண்ணா! ஆளு கீறாரு. நான் பொறந்த தெரு அது.”

பயிற்சியில் என் நாக்கிலிருந்து சுரண்டி எடுத்த பேச்சு, தானாகத் திரும்பி வந்திருந்தது. திரையில் அசோகனின் வண்டி திரும்பியது. கைப்பேசியை வைத்திருந்த என் வலது காதில் சைரன் அலறியது.

சுவாமிநாதன் பக்கத்தில் வந்து கை நீட்டினார். நான் கைப்பேசியைக் கொடுக்கவில்லை.

இடது காது ஹெட்போனில் தேவானை. “இன்னாங்க, கண்ணத் தொறங்க. இங்க பாருங்க.”

“அம்மா, சைரன் கேக்குதா?”

“இல்லம்மா.”

வலது காதில் வண்டி குலுங்கியது, டயருக்கடியில் கல் நொறுங்கியது. சுவாமிநாதனின் கை இன்னும் நீண்டே இருந்தது. தேவானை பேசுவதை நிறுத்தியிருந்தாள். அந்த மௌனத்துக்குள், இடது காதிலும், எங்கோ தூரத்தில், அதே சைரன் மெல்லக் கேட்கத் தொடங்கியது.