எல்ஸ்பெத்துக்குப் பிடிக்காத பந்து

1

இந்தக் கதை ஒரு முகத்திலிருந்து பிறந்தது. எங்கள் ஊர் கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய கடையில் மழைக்கு ஒதுங்கியிருந்தபோது பார்த்த முகம். ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் உயர்ரகப் பந்துப் பெட்டி ஒன்றை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். பக்கத்துத் தட்டில் நடுத்தர ரகப் பெட்டி இருந்தது, அதையும் பார்த்தாள். விலையைப் பார்த்து முகம் சுளிப்பவர்களை எனக்குத் தெரியும். ஸ்காட்லாந்தின் இந்தக் கடற்கரையில் அது ஒரு பொழுதுபோக்கு. இது அந்தச் சுளிப்பு இல்லை. தன் புருஷனோடு சிரித்துப் பேசுகிறவளைப் பார்ப்பதுபோல அந்தப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு அதைத் தட்டில் வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

ஒரு பந்தின்மேல் பொறாமை வருமா? எனக்குப் பிடிபடவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணின் பெயர் தெரியாது. எல்ஸ்பெத் என்று வைத்துக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: ‘எல்ஸ்பெத் ராங்கின் நல்லவள், ஆனால்’

அடித்துவிட்டேன். நல்லவள் என்று சொல்லி ஆனால் போடுவது புறம் பேசுவதற்குச் சமம்.

இரண்டாவது: ‘காற்று மேற்கிலிருந்து வீசியது.’

இங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வீசும். அதையும் அடித்துவிட்டேன்.

மூன்றாவது: ‘எல்ஸ்பெத்துக்கும் உனாவுக்கும் சேர்த்து ஒரே பந்து.’

இது இருக்கட்டும்.

2

எல்ஸ்பெத்துக்கும் உனாவுக்கும் சேர்த்து ஒரே பந்து. அவர்கள் ஆடுவது ஜோடி ஆட்டம். ஒரு ஜோடிக்கு ஒரு பந்து. ஒருத்தி அடித்தால் அது விழுந்த இடத்திலிருந்து மற்றவள் அடிக்க வேண்டும். ஒருத்தியின் பிழையை மற்றவள் சுமக்க வேண்டும், முணுமுணுக்காமல். (கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதைவிட இந்த ஆட்டத்துக்கு ஜோடி பார்ப்பது கஷ்டம் என்பார்கள் கிளப்பில்.) உனா பள்ளிக்கூட வேன் ஓட்டுபவள். எல்ஸ்பெத் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். பிள்ளைகள் சிறிதாக இருந்த காலத்திலிருந்தே இருவரும் ஜோடி. பந்து எப்போதும் எல்ஸ்பெத் வாங்குவதுதான், நடுத்தர ரகம். அதை யாரும் தீர்மானிக்கவில்லை, அப்படியே வந்துவிட்டது.

அப்புறம் ஃபிலிப்பா வந்தாள். எடின்பரோவில் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இறந்தபின் கடலைப் பார்த்த வீடு ஒன்றை வாங்கிக்கொண்டு இங்கே குடியேறினாள்.

வசந்தக் கோப்பையின் இறுதி ஆட்டத்தன்று காலை, கார் நிறுத்துமிடத்தில், உனா தன் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள்.

“என்னடி இது?”

“பந்து.”

“பந்துன்னு தெரியுது. ஏது?”

“ஃபிலிப்பா குடுத்தா. அவ என்ன சொன்னான்னா...”

“அவ என்ன சொன்னா எனக்கென்ன? ஊரெல்லாம் பல்லைப் புடுங்கி வாங்குன பந்து. அதை வெச்சுக்கிட்டு அவளுக்கு எதிராவே ஆடப்போறியா?”

“நல்லா இருக்குடி. குழிக்குப் பக்கத்துல போட்டா மெத்துனு உக்காருது.”

“நம்ம மைதானத்துல பந்து உருளணும். உக்கார்றதுக்கு அது என்ன பூனையா?”

உனா சிரித்தாள். எல்ஸ்பெத் சிரிக்கவில்லை.

“சரி, எந்தப் பந்துல ஆடலாம்? நீயே சொல்லு.”

“உன் இஷ்டம்.”

‘உன் இஷ்டம்’ என்பதை எந்தக் குரலில் சொன்னாள் என்று எழுதப் பார்த்தேன், வரவில்லை. நீங்களும் யாரிடமாவது சொல்லியிருப்பீர்கள். அந்தக் குரல்தான்.

3

வாசகர்களில் சிலர் கேட்கலாம்: உண்மையில் எந்தப் பந்து நல்லது?

ஆடுகிறவர்களிடம் விசாரித்தேன். உயர்ரகப் பந்தின் மேலுறை மென்மையானது. மட்டையில் ஒரு கணம் ஒட்டிப் பிரிகிறது, சுழல்கிறது, விழுந்த இடத்தில் நிற்கிறது. நடுத்தரப் பந்தின் மேலுறை கொஞ்சம் கடினம், விழுந்தபின் ஓடும். ஆனால் எங்கள் கடற்கரைத் தரை இறுகிக் கிடக்கிறது, காற்று ஓய்வதில்லை. பந்தைத் தாழ அடித்து உருட்டிவிடுவதுதான் இங்கத்திய வழக்கம். மெதுவாக மட்டை வீசுகிற எல்ஸ்பெத், உனா போன்றவர்களுக்கு இரண்டு பந்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது என்றே எல்லோரும் சொன்னார்கள். சொன்ன பலரின் பையில் உயர்ரகப் பந்துதான் இருந்தது.*

ஆக, எல்ஸ்பெத் சொன்ன காரணம் நியாயமானது. பொறாமைக்கு நியாயமான காரணம் கிடைத்துவிட்டால் அதைப் பிடிப்பது கஷ்டம். சுத்தமான உடை போட்டுக்கொண்டு சபை நடுவில் உட்கார்ந்துவிடும்.

*ஒருவர் மட்டும், “தொலைஞ்சா வயிறு எரியாத பந்துதான் நல்ல பந்து” என்றார். இந்த வாக்கியத்தைக் கதையில் யாருக்காவது கொடுக்க நினைத்தேன். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

4

பதினெட்டில் பதினாறு குழிகள் முடிந்தபோது இரண்டு ஜோடியும் சமம். எதிர் ஜோடி ஃபிலிப்பாவும், தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ஷீனாவும்.

பதினேழாவது குழிக்கு உனா அடித்தாள், ஃபிலிப்பா கொடுத்த பந்தைத்தான். காற்று பந்தைத் தள்ளிக்கொண்டுபோய் மஞ்சள் பூத்த முட்புதரின் ஓரத்தில் போட்டது. ஓரம்தானே, கிடைத்துவிடும் என்று, தொலைந்தால் ஆட மாற்றுப் பந்து ஒன்றை அடித்துவைக்காமலே நடந்தார்கள்.

தொலைந்த பந்தைத் தேட மூன்று நிமிடம். அதற்குள் கிடைக்காவிட்டால் குழி ஏறக்குறைய எதிர் ஜோடிக்குத்தான். எதிராளிகளும் சேர்ந்து தேடுவார்கள். அது எழுதாத மரியாதை. அந்தப் பூவில் துருவிய தேங்காயின் வாசனை வரும். முள் மட்டும் இரக்கமில்லாதது.

“எதிரியோட பந்தைத் தேடி என் கை கிழியுது. எந்த ஊர் நியாயம்க்கா இது?” என்றாள் ஷீனா.

“பேசாம குனிஞ்சு பாரு” என்றாள் உனா.

எல்ஸ்பெத் பார்த்துவிட்டாள். அவள் காலுக்கு ஓர் அடி முன்னால், வேரோடு ஒட்டி, வெள்ளையாக. உனா நீலப் பேனாவில் வைத்த இரண்டு புள்ளிகளும் தெரிந்தன. அடித்து வெளியே எடுத்துவிடக்கூடிய இடம்தான்.

அப்போது புதரின் அந்தப் பக்கத்திலிருந்து ஃபிலிப்பாவின் குரல் வந்தது.

“உனா, நீ கவலைப்படாதே. எப்படியும் எடுத்துரலாம்.”

நீ. எப்போதிலிருந்து ‘நீ’?

எல்ஸ்பெத் ஓர் அடி முன்னால் வைத்து, பந்தை மறைத்துக்கொண்டு நின்றாள்.

5

இங்கே என் பேனா இரண்டு நாள் நின்றது.

எல்ஸ்பெத்தை நம்ப முடியவில்லை. சொந்தப் பந்தை மறைத்தால் தோற்பது அவளும்தானே? எதிராளியின் பந்தை மிதித்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். தன் ஜோடியின் பந்தை மறைத்து நின்றவளைப் பற்றிக் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூ வைக்கிறவள். முதியவர்களுக்கு மாத்திரைகளைக் காலை, மாலை என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, “மறந்துட்டா ஃபோன் பண்ணுங்க” என்று தன் வீட்டு எண்ணையும் கொடுத்தனுப்புகிறவள்.

அதனால் ஒருமுறை இப்படி மாற்றினேன்: ‘“இதோ இருக்கு!” என்று எல்ஸ்பெத் கூவினாள்.’ படித்துப் பார்த்தேன். கூவியது எல்ஸ்பெத் இல்லை, நான். அவளைக் காப்பாற்ற எனக்கிருந்த ஆசை.

கடையில் பார்த்த முகத்தை மறுபடி நினைத்துக்கொண்டேன். அந்த முகம் கூவாது. ‘இந்தப் பந்து தொலையட்டும், இதோடு அந்தப் பெட்டியும் தொலையட்டும், இனிமேல் பந்துக்கு உனா என்னிடமே கை நீட்டட்டும்’ என்றுதான் நினைக்கும். தோற்றாலும் பரவாயில்லை, என் பந்தோடு தோற்போம்.

(ஆண்டவரே, இவளை இதற்குமேல் கெட்டவளாக்க எனக்கு வேண்டாம். இவ்வளவு போதும்.)

6

“மூணு நிமிஷம் ஆச்சு” என்றாள் ஷீனா, கடிகாரத்தைப் பார்த்து.

ஃபிலிப்பா முழங்காலில் இருந்து எழுந்தாள். ஒரு முன்கை முழுக்கச் சிவப்புக் கோடுகள். “நான் கடிகாரத்தைப் பாக்கல. ஷீனா, நீயும் பாக்கலைன்னு வெச்சுக்கயேன். இன்னும் கொஞ்சம் தேடுவோம். இப்படிக் கிடைக்கிற குழி எனக்கு வேண்டாம்.”

“சட்டம்னா சட்டம்ங்க” என்றாள் எல்ஸ்பெத்.

அவள் குரலில் அவ்வளவு நேர்மை இருந்தது. அதை எழுதும்போது எனக்கே கூசியது.

குழி போயிற்று. கடைசிக் குழியை வென்றால்தான் சமன்.

அதற்கு முதல் அடி எல்ஸ்பெத்துடையது. எதிர் ஜோடி முன்னால் போக, இருவரும் பின்னால் நடந்தார்கள். உனா பையைத் துழாவி ஒரு சின்னத் துணிப்பையை எடுத்தாள்.

“இதையும் சொல்லிடறேன். திட்டணும்னா திட்டிக்கோ. அந்தப் பெட்டி எனக்குன்னு குடுத்ததில்லடி. நம்ம ரெண்டு பேருக்கும். காலையில சொல்ல வந்தேன், நீ விட்டாத்தானே. பாதி உன்னோடது, தனியா வெச்சிருக்கேன்.”

“எனக்கா? எனக்கு எதுக்கு? நான் அவகிட்ட நாலு வார்த்தை பேசினதில்ல.”

“அவ இங்க வந்த மொத ஞாயித்துக்கிழமை, சர்ச்ல யாருமே பக்கத்துல உக்காரலையாம். நீதான் எழுந்துபோய் உக்காந்தியாம். பாட்டுப் புத்தகத்தைப் பிரிச்சுக் கையில குடுத்தியாம். அன்னிக்கு வீட்டை வித்துட்டுத் திரும்பிப் போயிரலாம்னு இருந்தாளாம்.”

எல்ஸ்பெத்துக்கு அது நினைவில்லை. எத்தனை யோசித்தும் வரவில்லை. நடந்திருக்கலாம், பக்கத்தில் இடம் காலியாக இருந்தால் போய் உட்காருவாள், அவ்வளவுதான்.

ஒருவர் செய்தது நினைவில்லாமல் போகிறது, வாங்கியவருக்கு மறப்பதில்லை என்பதை இப்படி ஒரு துணிப்பையில் போட்டு நீட்டுவது கதாசிரியனின் தந்திரம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்து இந்தப் பத்தியை ஒருமுறை எடுத்தேன். எடுத்தால் எல்ஸ்பெத் வெறும் பொறாமைக்காரியாகத் தங்கிப்போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமை எழுந்துபோனவளும் அவள்தான், முட்புதரில் நின்றவளும் அவள்தான். இரண்டில் ஒன்றை மறைத்தால் நான் செய்வதும் பந்தை மறைக்கிற வேலைதான்.

7

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: எல்ஸ்பெத் அருமையாக அடிக்கிறாள், கோப்பை கிடைக்கிறது, ஒன்றும் சொல்வதில்லை. கோப்பையைக் கழுவித் துடைத்து உனாவின் வீட்டிலேயே வைத்துவிடுகிறாள், தன் கண்ணில் படாதபடி. இது நடக்கக்கூடியதுதான். எழுதிய அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்னொன்று: அவள் திரும்பி ஓடிப்போய், புதருக்குள் கைவிட்டு, பந்தை எடுத்து வந்து எல்லோர் முன்னாலும் அழுது... வேண்டாம். இந்த ஊரில் யாரும் அப்படி அழமாட்டார்கள்.

மூன்றாவதில் ஃபிலிப்பாவுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது. அவளும் பந்தைப் பார்த்திருந்தாள். அதை எழுதத் தொடங்கி,

இல்லை. மன்னிப்பதை அவளுக்கு அவ்வளவு சுலபமாக்கக் கூடாது.

இப்போது என் மேசையில் இருப்பது இவ்வளவுதான். கடைசிக் குழியின் தொடக்க இடம். கடல் காற்று. எதிர் ஜோடி அடித்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது. எல்ஸ்பெத் மட்டையைத் தரையில் சாய்த்துவிட்டாள்.

“உனா, ஒண்ணு சொல்லணும்.”

“அடிச்சிட்டு சொல்லேண்டி. காத்துக் கொஞ்சம் அடங்கியிருக்கு.”

“இல்ல. அடிக்கிறதுக்கு முன்னாடி சொல்லணும். அந்தப் பந்து...”

அவளை இதுவரை கொண்டுவந்துவிட்டேன். மீதியை அவளே சொல்லிவிடுவாள்; எனக்கு அதில் சந்தேகமில்லை. என்னால் எழுத முடியாதது அதற்கு அடுத்த வரி. அது உனாவுடையது. இத்தனை வருடம் உனாவின் பிழையையெல்லாம் முணுமுணுக்காமல் சுமந்த தோழி, இதோ, முகம் வெளுத்து எதிரில் நிற்கிறாள். கேட்பதற்கு ஒருத்தி வேண்டும்.

கொஞ்ச நேரம் நீங்கள் உனாவாக இருங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். பிறகு உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ, அதைச் சொல்லுங்கள்.