படகு அலைவரிசை

தலைநகரில் இருந்த பாட்டுக் கோஷ்டிகள் எல்லாம் வாயில் நுழையாத பெரிய பெரிய பெயர்களாக வைத்துக்கொண்டிருந்த காலத்தில், பனிக் கடலோர மீன்பிடி ஊரான ரப்னாவீக்கிலிருந்து போன நாலு பேர் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் ஸ்க்ரெய்த், அதாவது கருவாடு. எவ்வளவு குளித்தாலும் மீன் வாடை போகாத ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது. பாடுகிறவள் ஹல்பேரா. டிரம்ஸ் அடிக்கிறவன் சிக்வாதுர். இருவரும் ஒரே தெரு. இருவர் வீட்டிலும் ஒரே நாளில்தான் இழவு விழுந்தது.

பிப்ரவரிப் புயலில் பாய்மரக் கம்பத்திலும் கம்பிகளிலும் கட்டிகட்டியாகப் பனி ஏறி, பாரம் தாங்காமல் ஸ்வானுர் என்ற படகு கவிழ்ந்தது. அதில் சமையல்காரனாகப் போயிருந்தவன் ஹல்பேராவின் தம்பி எய்விந்துர். படகின் கேப்டன் சிக்வாதுரின் அப்பா. யாருடைய உடலும் கிடைக்கவில்லை. கேப்டன் கரைக்குத் திரும்பிக்கொண்டுதான் இருந்தார், கடல்தான் விடவில்லை என்று ஊர் முழுக்க ஒரே பேச்சாகப் பேசியது. பக்கத்துப் படகின் கேப்டனோ, அன்றைக்குத் தன் ரேடியோ வேலை செய்யவில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார்.

இரண்டுமே பொய் என்று ஹல்பேராவுக்குத் தெரியும். அன்று அவள் மாடியறையில் பழைய ரேடியோவை, படகுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் படகு அலைவரிசையில் வைத்து, ஒரு பாட்டுக்கு வேண்டும் என்று அந்த இரைச்சலைப் பதிவுசெய்துகொண்டிருந்தாள். பனி ஏறுகிறது, நாங்கள் திரும்புகிறோம், நீயும் வா என்று பக்கத்துப் படகிலிருந்து குரல் வந்தது. சிக்வாதுரின் அப்பா சிரித்தார். "பாதிப் படகு மீனோட வந்தா என் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது? இன்னொரு தடவ வலைய இழுத்துட்டு வரேன்" என்றார்.

அவ்வளவுதான். அந்த டேப்பை அவள் யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. கேப்டனின் மனைவி யோரூன் வாராவாரம் க்ளெய்னுர் பலகாரம் பொரித்து, ஹல்பேராவின் அம்மா எதையாவது வைத்துக் கொடுத்தனுப்பிய தட்டிலேயே எடுத்துக்கொண்டு அம்மாவிடம் காப்பி குடிக்க வருவாள். ரெண்டு பேரும் ஒண்ணாப் போனாங்களே என்று அவள் கண்ணைத் துடைக்கும்போதெல்லாம் ஹல்பேராவுக்கு வயிறு எரியும். அம்மா என்னவென்றால் அவளுக்கு இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டிருப்பாள்.

பிறகு கோஷ்டிக்கு லண்டன் வாய்ப்பு வந்தது. வெளிநாட்டில் விற்கப்போகிற ஆல்பம். பாட்டெல்லாம் இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும். ஹல்பேரா பல்லைக் கடித்துக்கொண்டு மனப்பாடம் செய்து பாடினாள். உங்கள் ஊர்ச் சத்தமாக ஏதாவது கொடேன், பனி, கடல், அந்த மாதிரி என்று தயாரிப்பாளர் டெரெக் கேட்டபோது, பையிலிருந்து அந்த டேப்பை எடுத்துக் கொடுத்துவிட்டாள். டெரெக் கண்ணை மூடிக் கேட்டு, அற்புதம் என்றான். பின்னால் நின்றிருந்த சிக்வாதுரின் முகம் வெளுத்துப்போயிற்று.

டெரெக் டீ குடிக்கப் போனதும், "இன்னொரு தடவ போடு" என்றான் சிக்வாதுர்.

போட்டாள். "என்ன சொல்றார்னு கேட்டியா?"

"கேட்டேன். இருக்கட்டும், எடுக்காத. அப்பா குரல் வேற எதுலயும் இல்ல. இங்க எவனுக்குப் புரியப்போவுது? இவனுங்களுக்கு இது வெறும் இரைச்சல்."

அவர் செய்தது எங்காவது ஓரிடத்தில் பதிந்து கிடக்கட்டும் என்று அவளுக்கு எண்ணம். அவர் சிரித்தது பதிந்து கிடக்கட்டும் என்று அவனுக்கு. ஆல்பத்தின் முதல் பாட்டு அதோடு தொடங்கியது.

வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு ஊருக்கும் வரும் என்று இருவருக்கும் உறைக்கவே இல்லை. அவர்களையும் குற்றம் சொல்வதற்கில்லை. பிடிக்கிற நல்ல மீனெல்லாம் பெட்டியில் அடைபட்டுக் கப்பலேறிப் போய்விடும். ஊர்க்காரன் அதைத் திரும்பப் பார்த்ததே கிடையாது. ஆல்பத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

லண்டன் பத்திரிகைகள் அந்த இரைச்சலை ஆகா ஓகோ என்று புகழ்ந்தன. ஹல்பேரா ஊருக்கு வந்திருந்த ஒரு மதியம், அம்மா க்ரோவா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். ரேடியோவில் கடலோடிகளின் விருப்பப் பாடல்கள். நம்ம ஊர்ப் பிள்ளைகள் வெளிநாடு வரை போயிருக்கிறார்கள் என்று ஏதோ ஒரு படகுக்காரர்கள் அந்த முதல் பாட்டை ஆசையாகக் கேட்டிருந்தார்கள். முதல் இரைச்சல் வந்தது. கேப்டனின் சிரிப்பு சமையலறையில் கேட்டது.

அம்மாவின் கத்தி நின்றது.

"சொல்லக் கூடாதுன்னுதாம்மா இருந்தேன்" என்றாள் ஹல்பேரா. "உனக்குத் தெரிஞ்சா நீ தாங்க மாட்டியேன்னு..."

"எனக்கு என்னடி தெரியணும்? நீ மாடியில கேட்டத நான் இதே நாற்காலியில உக்காந்து கேட்டேன். படகு கடல்ல இருக்கறப்ப இந்த ஊர்ல எந்த வீட்டு ரேடியோ அணைஞ்சிருக்கு?"

ஹல்பேரா பிறந்ததிலிருந்து எல்லா அடுப்படியிலும் அந்த இரைச்சலைக் கேட்டு வளர்ந்தவள். அன்று கேட்டது தான் மட்டும்தான் என்று எப்படி நினைத்தாள்?

"யோரூனும் கேட்டாங்களா?"

"அவ கேட்டது எங்களுக்குத் தெரியும். நாங்க கேட்டது அவளுக்குத் தெரியும். யாரும் வாயத் தொறக்கல. அதனாலதான் அவ இந்தத் தெருவுல தலை நிமிந்து நடந்தா."

"செத்தது உன் புள்ளம்மா."

"எனக்கு ஞாபகப்படுத்த வேணாம்" என்றாள் க்ரோவா. "அவளக் கரிச்சுக் கொட்டினா அவன் வந்துருவானா? அவ புருஷனும்தான் வரல."

ஹல்பேரா கோட்டை மாட்டிக்கொண்டு யோரூன் வீட்டுக்கு ஓடினாள். கதவு திறந்தே இருந்தது. மேசைமேல் ஒரு பெட்டியில் யோரூன் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்க வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"சிக்வாதுர் போன் பண்ணான். அழுதான்" என்றாள் யோரூன். "நீ நல்லாத்தான் பாடியிருக்க. ஆனா இனிமே நான் எந்த மூஞ்சியோட கடைக்குப் போய்ப் பால் வாங்குவேன்? இவ்வளவு நாள் அவங்க கேக்காத மாதிரி இருந்தாங்க. இனிமே அப்படி இருக்க முடியாதே. அவங்க என்ன பண்ணுவாங்க, பாவம்."

அலமாரியிலிருந்து க்ரோவாவின் நீலப் பூப்போட்ட தட்டை எடுத்து ஹல்பேராவின் கையில் கொடுத்தாள். அந்தத் தட்டு இரண்டு வீட்டுக்கும் நடுவே வெறுமனே போய் ஹல்பேரா பார்த்ததில்லை.

வீட்டில் அம்மா காலித் தட்டை வாங்கிப் பார்த்தாள். சுத்தமாக இருந்ததை மறுபடி கழுவிக் கவிழ்த்தாள். வெளியே காற்று பலத்துக்கொண்டிருந்தது. படகுகள் எல்லாம் கடலில்தான் இருந்தன. அம்மா ரேடியோவைப் படகு அலைவரிசைக்குத் திருப்பிவிட்டு உட்கார்ந்தாள். வெறும் இரைச்சல்தான் வந்தது. வெகுநேரம் ஆகியும் எந்தப் படகிலிருந்தும் ஒரு குரலும் வரவில்லை.

"பேசினா பாட்டுல வந்துரும்னு ஆனப்புறம் இனிமே எவன் பேசுவான்?" என்றாள் அம்மா.

தம்பி வயதுப் பிள்ளைகள் அந்தப் படகுகளில் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்கள் திரும்புகிறார்களா இல்லையா என்று அன்றைக்கு எந்த வீட்டுக்கும் தெரியவில்லை.