ஊரின் முதல் ஜார்யா

வாசகசாலை மேடையில் உட்கார்ந்திருந்த ஜார்யா, ஒரு பழைய பத்திரிகையை முந்தானைக்குள் மறைத்துப் பிடித்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் பெரிய பேனர். அதில் தலையில் சிவப்புத் துணி கட்டிய ரஷ்யப் பெண் சுத்தியலோடு நின்றாள். முகம் ஏதோ ஷாம்பு விளம்பரத்திலிருந்து எடுத்தது. கீழே 'ஜார்யாக்கள் சங்கமம்' என்று கொட்டை எழுத்து.

அறுபது வருடத்துக்கு முன் அந்தக் கண்ணூர்ப் பக்கத்து ஊரில் பீடிக் கூடத்தில் ஒருவர் செய்தி வாசிப்பார். அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றித் தருவார்கள். ஒருநாள் ரஷ்யச் செய்தி வந்தது. ஜார்யாவுக்கு இரவு பகல் ஓய்வு கிடையாது, ஒரே நாளில் ஆயிரம் டன் இரும்பு, நேரில் பார்த்த மந்திரியே வாய்பிளந்தார். நாற்பது பேர் கையிலும் இலை அப்படியே நின்றது. ஒரு பெண்ணால் ஆயிரம் டன் ஆகுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ரஷ்யாக்காரி ஆயிற்றே! அந்த வாரம் அங்கே பீடி சுற்றிய குஞ்ஞிராமனுக்கு மகள் பிறந்தாள். இருபத்தெட்டாம் நாள் பெயர் சூட்டும் சடங்கில் குழந்தையின் ஒரு காதை வெற்றிலையால் மூடி, மறு காதில் மூன்று முறை அந்தப் பெயரைச் சொன்னார்.

பத்து வருடத்தில் ஊரில் பதினேழு ஜார்யா. டீச்சர் கூப்பிட்டால் பெஞ்சே எழுந்து நிற்கும். ரஷ்யா உடைந்ததும் பதினாறு பேர் கெஜட்டில் விளம்பரம் கொடுத்து அர்ச்சனாவும் ஆதிராவுமாக மாறிவிட்டார்கள். ஜார்யாவின் அச்சன் குஞ்ஞிராமன் மட்டும், "ஆயிரம் டன் தந்தவ பேரு, மாத்தக்கூடாது" என்று நின்றார். இப்போது துபாய்க்காரர்கள் 'புதுசா இருக்கு' என்று மூன்று குழந்தைகளுக்கு அதையே வைத்திருக்கிறார்கள்.

நேற்று மேடைப் பேச்சுக்காக அலமாரியைக் குடைந்தபோதுதான் இந்தப் பத்திரிகை அகப்பட்டது. படத்தில் பெண் இல்லை. பத்து மாடி உயரத்தில் இரும்பு உருக்கும் உலை. அதன் பெயர் ஜார்யா.

முன்வரிசையில் தொண்ணூறு வயது அச்சன். தெரிந்தால் தாங்குவாரா?

வாசகசாலைச் செயலாளர் ரைருவிடம் காலையிலேயே படத்தைக் காட்டியிருந்தாள்.

"மூடி வை ஜார்யா. ரயில்வே ஸ்டேஷனுக்கு அந்தத் தியாகி பேரை வைக்கணும்னு தீர்மானமே எழுதியாச்சு."

"உலை என்ன தியாகம் பண்ணுச்சு, சகாவே?"

"முதல்ல தீர்மானம் நிறைவேறட்டும். மத்ததை அப்புறம் பேசலாம்."

இப்போது மைக்கில் ரைரு முழங்கினார்: "மாஸ்கோ போனப்ப அந்தத் தாயோட கையை நானே பிடிச்சுக் குலுக்கியிருக்கேன்!"

அச்சன் கைகூப்பினார், கண்ணில் நீர். அந்தப் பொய்யைக் கும்பிடுவதை ஜார்யாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இறங்கிப் போய்ப் பத்திரிகையை அவர் மடியில் விரித்தாள்.

"அச்சா, ஜார்யா இதுதான்."

அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு மேடையைப் பார்த்தார்.

"எடா ரைரூ, கை குலுக்கினியே... சுடலையா?"

கூட்டம் சிரித்து அடங்கியது. அச்சனின் விரல் உலையின் அடிவாரத்தில் நின்றது. அங்கே எறும்புபோல வரிசையாக மனிதர்கள்.

"இத்துனூண்டு ஆளுங்க சேர்ந்தா இதைக் கட்டினாங்க, மோளே? ஒருத்தியால ஆகுற வேலைன்னுல்ல நினைச்சிருந்தேன்!"

படத்தில் உலை வாயின் நெருப்பை இன்னொரு முறை பார்த்தார்.

"காதைக் கொடு."

மைக் இன்னும் முழங்கிக்கொண்டிருந்தது. அவர் அவளுடைய ஒரு காதைத் தன் உள்ளங்கையால் மூடி, மறு காதில் மூன்று முறை அதே பெயரைச் சொன்னார்.