இரண்டு போத்தல் பினாயில்

தோட்டப் பள்ளிக்கூடத்துப் பத்திநாதன் மாஸ்டருக்கு வாய் கொஞ்சம் நீளம். கந்தப்பளைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், 1981ஆம் ஆண்டு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் சாணக்குழி வெட்டி, அதன்மேல் இரும்புத் தொட்டியைக் கவிழ்த்து, குழாய் இழுத்து அடுப்பு எரிய வைத்தவர் அவர்தான். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளுக்கு அந்த அடுப்பில்தான் பால் காய்ந்தது. நல்ல காரியம்தான். அதை அவரே ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

காற்றே புகாத இடத்தில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் சாணத்தைத் தின்று வாயுவை விடுகின்றன என்பார். வடதுருவத்துப் பனிக்கடலின் அடிச்சேற்றிலும் இதே இனத்து உயிர்கள் உண்டு, அங்கே ஒரு கூட்டம் விடும் வாயுவை இன்னொரு கூட்டம் தின்றுவிடுகிறது என்று ஏதோ பழைய சஞ்சிகையில் படித்ததையும் சேர்த்துக்கொள்வார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

குழிக்குச் சாணம் கரைத்தது காளியாயி. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வாசலையும் சாக்கடைக் கான்களையும் கூட்டிக் கழுவுகிற வேலைக்காரி. அவள் முழங்கை வரை கையைச் சாணத்தில் விட்டுப் பிசையும்போது, மாஸ்டர் மூக்கில் கைக்குட்டையோடு தள்ளி நின்று விளக்கம் சொல்வார்.

அடுப்பைப் பார்க்க அடுத்த திங்கட்கிழமை கண்டியிலிருந்து அதிகாரிகள் குடும்பத்தோடு வரப்போவதாகத் தகவல் வந்தது. மாஸ்டருக்குச் சாண நாற்றம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. அவரும் லயத்தில் பிறந்தவர்தான். நுவரெலியாவில் ஆசிரியர் கூட்டமொன்றில் இவர் தோட்டத்து ஆள் என்று தெரிந்ததும் பக்கத்தில் இருந்தவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு நாற்காலியை நகர்த்தியதை அவர் மறக்கவில்லை. பெரிய மனிதர்கள் வந்தால் கான்களில் பினாயில் ஊற்றுவது எல்லாத் தோட்டத்திலும் வழக்கம். வியாழக்கிழமை காளியாயியிடம் இரண்டு போத்தல் கேட்டு வாங்கி, குழிக்குள் அவரே ஊற்றினார். பினாயில் கிருமியைக் கொல்லும் என்று வகுப்பில் பாடம் நடத்துகிறவர், குழிக்குள் வேலை செய்வதும் கிருமிதான் என்பதை அந்த நேரத்தில் நினைக்கவேயில்லை. நாற்றம் போனால் போதும் என்றிருந்தது.

வாயு சேரச் சேர மேலே ஏறி நிற்கும் இரும்புத் தொட்டி சனிக்கிழமை இறங்கியது. ஞாயிறும் ஏறவில்லை. பினாயிலின் வேலைதான் என்று அவருக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை அதிகாரி மூன்று தீக்குச்சி கிழித்தார். அடுப்பு பற்றவில்லை. பிள்ளைக்காம்பராவுக்குள் குழந்தைகள் பாலுக்கு அழுதுகொண்டிருந்தன. குழியருகே குனிந்து முகர்ந்தவர், யாரோ பினாயில் ஊற்றியிருக்கிறார்கள், உள்ளே இருந்த உயிரெல்லாம் செத்துப்போயிற்று என்றார். யார் செய்தது என்று தோட்டத்து உதவி நிர்வாகியான சின்னத்துரை அதட்டினார். பினாயில் காளியாயியின் பொறுப்பில் இருப்பது எல்லாருக்கும் தெரியும். அவள் மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"நான்தாங்க தொர ஊத்துனேன்" என்றாள் காளியாயி.

படிக்காத சனங்கள், என்ன செய்வது என்று சொல்லி அதிகாரி சிரித்தார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் சாகும்வரை அவருக்கு உடம்பு கூசியது.

காளியாயிக்கு இரண்டு மாதம் வேலை இல்லையென்றாயிற்று. குழியைக் கழுவி, உடப்புசல்லாவைப் பக்கத்துக் குழியொன்றிலிருந்து பழைய கரைசல் கொண்டுவந்து ஊற்றி, புதுச் சாணமும் போட்டார்கள். ஒரு மாதத்தில் அடுப்பு மறுபடி எரிந்தது. மாஸ்டரைப் பாராட்டிக் கண்டியிலிருந்து கடிதமும் வந்தது. அவருக்குச் சோறு இறங்கவில்லை. லயத்திலிருந்து படித்து வந்த ஒரே வாத்தியார் தலைகுனியக்கூடாது என்றுதான் அவள் பழியை ஏற்றிருக்கிறாள் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டார். ஒரு மாலையில் பாண் ரொட்டிப் பொதியொன்றை வாங்கிக்கொண்டு லயத்தில் அவள் குடியிருந்த காம்பராவுக்குப் போனார்.

காளியாயி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள்.

"என் மானத்தக் காப்பாத்திட்டீங்க அக்கா" என்றார்.

அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"ஒங்க மானத்தயா? நான் அதெல்லாம் நெனைக்கல மாஸ்டர். அன்னைக்குப் புள்ளைங்க பசியில கத்துதுங்க. யாரு ஊத்துனதுன்னு தெரியாம தொரமாரு யாரும் நகர மாட்டாங்க. அவங்க நகந்தாத்தானே வெறகு வச்சாவது பால் காய்ச்ச முடியும். நீங்க சொல்ல மாட்டீங்கன்னு ஒங்க மொகத்தப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. யாராச்சும் சொல்லணும்ல."

அடுத்த விறகை எடுத்து நிறுத்தினாள். பாண் பொதியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மாஸ்டர் வாசலிலேயே நின்றார்.