பதினாறு வினாடி

திருவேங்கடத்தின் மனைவி சிவகாமி தன் முகத்தைப் படத்தில் பார்த்ததே இல்லை. படமே எடுக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அவன் காமிரா வாங்கி நாலு வருஷமாகிறது. அவளைப் பத்துப் பன்னிரண்டு தடவையாவது வெயிலில் நிற்க வைத்திருப்பான். ஒவ்வொரு தடவையும் சேலை பளிச்சென்று வரும், மூக்குத்தி வரும், முகம் மட்டும் கரி அப்பிய மாதிரி இருட்டாகக் கிடக்கும். காமிராவோடு வந்த பிரெஞ்சுப் புத்தகத்தில் போட்டிருந்த வினாடிக் கணக்கெல்லாம் வெள்ளை முகங்களுக்குப் போட்ட கணக்கு. அது புரிய அவனுக்கு மூன்று வருஷம் பிடித்தது.

"சேலைக்குப் படம் எடுக்கறதுன்னா கொடியில போட்டே எடுக்கலாமே, நான் எதுக்கு நடுவுல?" என்று அவள் சிரிப்பாள். அவனுக்குச் சுருக்கென்று தைக்கும். ஆனாலும் விடமாட்டான்.

நாலு அர்பான் நிலத்தில் கரும்பு வைத்திருந்த சிறு தோட்டக்காரனுக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று ஊரில் கேட்காதவர் இல்லை. பிடித்தது, அவ்வளவுதான். அதற்குத் துணையாக இன்னும் இரண்டு பைத்தியங்கள் கிடைத்தார்கள். ஒருவன் ஆல்பெர், காத்ர் போர்னில் மருந்துக்கடையில் மருந்து கலக்குகிறவன். அவன் தாத்தாவும் திருவேங்கடத்தின் தாத்தாவும் இந்தத் தீவுக்கு ஒரே கப்பலில் வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். ஆல்பெர் வீட்டார் பிறகு ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டார்கள், அவன் பேசுகிற தமிழில் பாதி கிரெயோல், தீவின் பிரெஞ்சுக் கலப்புப் பேச்சு. இன்னொருவர் பொன்னுசாமி, சாந்த் குருவாவில் இருந்துகொண்டு ஒரு வக்கீலிடம் எழுத்து வேலை பார்த்தவர். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு சங்கம். மாதம் ஒருமுறை ஒரு படக்கட்டு ரயிலேறும். ஆளுக்கொரு படம் அதில் வைக்கவேண்டும். படத்தின் முதுகில் துளை எவ்வளவு, எத்தனை வினாடி, எப்படிப்பட்ட வெளிச்சம் என்று எழுதவேண்டும். மற்ற இருவரும் கூடவே வைத்த தாளில் குறை எழுதி அடுத்தவருக்கு அனுப்புவார்கள். படத்தில் இருப்பது யாராயிருந்தாலும் தாட்சண்யம் பார்க்கக்கூடாது என்பது விதி. பொன்னுசாமிதான் அந்த விதியை எழுதினார். எழுதியதோடு நில்லாமல் கடைப்பிடிக்கவும் செய்தார்.

1927 டிசம்பர் கட்டில் திருவேங்கடம் ஒரு படம் வைத்தான். பக்கத்து வீட்டு வண்டிக்காரர் மருதை, வண்டிக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருக்கிறார். லென்ஸின் துளையை எட்டில் வைத்து அகலத் திறந்துவிட்டு இரண்டே வினாடி. முகம் முகமாக வந்துவிட்டது. நெற்றிச் சுருக்கமெல்லாம் எண்ணலாம். அன்றைக்கு அவன் கால் தரையில் பாவவில்லை. கட்டு திரும்பி வந்தபோது ஆல்பெர் இப்படி எழுதியிருந்தான்: "முகம் சரி. பின்னால் எல்லாம் புகை. சக்கரம் எங்கே, சுவர் எங்கே? துளையைச் சின்னதாக்கு, இருபத்திரண்டுக்குப் போ, பதினாறு வினாடி கொடு. உட்காருகிறவர் மூச்சை அடக்கிக்கொண்டால் போதும்."

சொன்னதில் தப்பில்லை. எண் ஏற ஏறத் துளை சின்னதாகும், துளை சின்னதானால் முன்னும் பின்னும் எல்லாம் துல்லியமாகும், வினாடிதான் கூடும். ஆனால் அந்த 'புகை' என்ற சொல் திருவேங்கடத்தின் மனதில் முள்ளாய் நின்றது.

ஜனவரியில் சிவகாமி படுத்தாள். முதலில் காய்ச்சல், பிறகு இருமல். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, அலட்டிக்கொள்ளாமல் படுத்திருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிப் போனார். ஆல்பெர் கடையிலிருந்து மருந்துப் புட்டிகளைத் தானே கொண்டுவந்து கொடுத்தான். ஒன்பதாம் நாள் காய்ச்சல் கொஞ்சம் தணிந்தது. அவள் எழுந்து கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து தலைவாரிக்கொண்டாள்.

"ஏங்க, மருதையண்ணன் மூஞ்சி வந்துச்சே, அதே மாதிரி என்னையும் ஒண்ணு எடுங்க. இந்தத் தடவையாச்சும் என் மூஞ்சி வரட்டும்."

அவளாக வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. திருவேங்கடத்துக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. காமிராவைத் தூக்கிவந்து முக்காலியில் நிறுத்தினான். ஜன்னல் கதவை முழுக்கத் திறந்தான். நிழல் விழுகிற கன்னத்துப் பக்கம் வெள்ளைத் துப்பட்டி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டான். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும் என்பது பொன்னுசாமி சொல்லிக்கொடுத்தது. அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சலில் மெலிந்த முகம் அந்த வெளிச்சத்தில் அத்தனை அழகாக இருந்தது.

துளையை எட்டில் வைத்தான். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தான். முகம் இருந்தது. அவளுக்குப் பின்னால் உள்கதவில் அவள் கையால் பின்னின லேஸ் திரை இருந்தது, அது மட்டும் கலங்கித் தெரிந்தது. புகை. மனுஷன் அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் கேட்டது முகத்தை, திரையை அல்ல. ஆனால் இவன் கண்ணுக்குக் கட்டு தெரிந்தது, தாள் தெரிந்தது, தாளில் ஆல்பெரின் கையெழுத்து தெரிந்தது. கையை நீட்டித் துளையை இருபத்திரண்டுக்குத் தள்ளினான்.

"பதினாறு எண்ணுவேன். மூச்ச இழுத்து அடக்கிக்க. அசையக்கூடாது."

"நீங்க சொல்ற வரைக்கும் அசைய மாட்டேன்."

லென்ஸ் மூடியை எடுத்தான். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினான். ஒன்பது பத்து வரும்போது அவள் கண்ணில் நீர் கட்டியது. அவள் அசையவில்லை. பதினாறில் மூடியைப் போட்டுவிட்டு, வெளிச்சம் புகுந்துவிடப் போகிறதே என்ற பதைப்பில் படம் விழுந்த கண்ணாடித் தகட்டுக்கு அடைப்பைச் செருகுவதில் முனைந்துவிட்டான். போதும் என்று சொல்ல மறந்துபோனான்.

"விடலாமா?" என்று கேட்டாள், காற்றே இல்லாத குரலில்.

அப்புறம் இருமல் வந்தது. வந்தது நிற்கவில்லை. அவன் ஓடிப்போய் முதுகைத் தடவினான், வெந்நீர் கொடுத்தான். அரைமணி கழித்து அவள் தலையணையில் சரிந்து, "வந்திருக்குமா?" என்றாள்.

"வந்திருக்கும்."

"எப்பப் பாக்கலாம்?"

இங்கேதான் இன்னொரு தாமதம். ஜனவரி வெக்கையில் தகட்டை மருந்துநீரில் கழுவினால் மேல்பூச்சு கண்ணாடியை விட்டுத் தோலாய் உரிந்து வரும். மூன்று பேருமே ஆளுக்கு இரண்டு தகடாவது அப்படிப் பறிகொடுத்தவர்கள். தண்ணீரைக் குளிரவைக்கப் பனிக்கட்டி வேண்டும். சனிக்கிழமை காத்ர் போர்னிலிருந்து கொண்டுவருகிறேன் என்று ஆல்பெர் சொல்லியிருந்தான். "சனிக்கிழமை பாக்கலாம்" என்றான் திருவேங்கடம். அவள் சரி என்று தலையாட்டினாள்.

மறுநாள் காய்ச்சல் திரும்ப ஏறியது. வெள்ளிக்கிழமை காலை, மருதையின் வீட்டு அம்மா கஞ்சி கொண்டுவந்து வைத்த நேரத்தில், சிவகாமி போய்விட்டாள்.

அன்று மூச்சை அடக்கினதுதான் அவளைக் கொண்டுபோயிற்று என்று யாரும் சொல்லவில்லை. டாக்டரிடம் அவன் கேட்டான். நோய் முற்றியிருந்தது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். இருக்கலாம். ஆனால் டாக்டர் அந்த அறையில் நின்று எண்ணவில்லையே.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் தகட்டைக் கழுவினான். ஆல்பெர் சாக்கில் சுற்றிய பனிக்கட்டியோடு வந்தான். உர மூட்டை அடுக்கும் அறையின் இடுக்கையெல்லாம் அடைத்துச் சிவப்பு விளக்கை ஏற்றினார்கள். மருந்துநீரில் படம் மெல்ல ஏறி வந்தது. மறுநாள் வெயிலில் தாளில் பதித்தபோது முகம் வந்தது. புருவம், மூக்குத்தி, கீழுதட்டின் வெடிப்பு, எல்லாம். திரையின் லேஸில் கண் கண்ணாய்த் துவாரங்கள். நாலு வருஷத்தில் அவன் எடுத்ததிலேயே நல்ல படம் அது. இமை ஓரத்தில்கூடக் கலக்கமில்லை. அத்தனை துல்லியமாக வரவேண்டுமானால் அவள் எத்தனை பாடுபட்டு அடக்கியிருக்கவேண்டும் என்று அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

அதைக் கட்டில் வைத்தான். ஏன் வைத்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. யாராவது திட்டட்டும் என்று நினைத்தானோ என்னவோ.

யாரும் திட்டவில்லை. ஆல்பெர் ஒரே வரி எழுதியிருந்தான்: "இதில் சொல்ல ஒன்றுமில்லை." பொன்னுசாமி பாதித் தாளை நிரப்பியிருந்தார். இழவுக்கு வந்து இரண்டு நாள் கூடவே இருந்த மனிதர்தான். "விதிப்படி எழுதுகிறேன், தவறாக எண்ணவேண்டாம். திரையின் பின்னல் அற்புதம். இத்தனை வினாடி இருத்தி வைத்தது பெரிய சாமர்த்தியம். ஒரே குறை, கண்களில் ஈரம் மின்னுகிறது. ஜன்னலை ஒருக்களித்து வைத்திருந்தால் தவிர்த்திருக்கலாம்."

திருவேங்கடம் அதை நாலைந்து தடவை படித்தான். பிறகு முக்காலியை அதே இடத்தில், தரையில் பதிந்திருந்த அதே மூன்று தடத்தில் நிறுத்தினான். துப்பட்டியைக் கட்டினான். வெறும் கட்டில், வெறும் தலையணை. துளையை எட்டில் வைத்து மூடியை எடுத்தான். ஒன்று, இரண்டு. மூடிவிட்டான். ஒரு இருமல் தொண்டைக்கு வரக்கூட நேரமில்லை.

அடுத்த கட்டில் அந்தப் படம் போயிற்று. தலையணையின் மடிப்பு தெளிவாக இருந்தது, பின்னால் திரை வெறும் புகை. முதுகில் எழுதியிருந்தான்: "எட்டு. இரண்டு வினாடி. அதே ஜன்னல், அதே நேரம். இது போதுமாயிருந்திருக்கும்."

கட்டு முதலில் ஆல்பெருக்குப் போனது. அவன் தாளில் எதுவும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, கோட்டைக்கூடக் கழற்றாமல் ரயிலேறி வந்து வாசலில் நின்றான். கட்டு அவன் கக்கத்தில் இருந்தது.

"கொம்பேர்," என்றான். கூட்டாளியை அப்படித்தான் கூப்பிடுவான். "துளைய சின்னதாக்குன்னு எழுதினது மோ மெம். நானேதான். நான் வண்டிக்காரர் படத்துக்கு எழுதினேன். சீக்காளிக்குன்னு எழுதல."

"தெரியும்."

"அப்ப ஏன் இத அனுப்பின?"

திருவேங்கடம் எழுந்தான். உள்ளே போய் அவள் படத்தை எடுத்துவந்தான். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"மூஞ்சி நல்லா வந்திருக்கு, இல்ல?" என்றான் திருவேங்கடம்.

"நல்லா வந்திருக்கு."

"இத அவ பாக்கணும்னுதான் கேட்டா. வேற ஒண்ணும் கேக்கல. அவளுக்குத் திரை தெரியாட்டி என்ன, ஆல்பெர்? அவ திரைய பாத்திருக்கவே மாட்டா."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தான். கொள்ளி வைத்த அன்றுகூட அவன் அழவில்லை. ஆல்பெர் கட்டைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான். சாந்த் குருவாவுக்கு அந்த மாதம் கட்டு போகவில்லை.