செதில் கோட்டு

உடல் வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் தெருமுனை திரும்பியதும் நர்கீஸ் வேலையில் இறங்கிவிட்டாள். தம்பி பாரூக்கின் சட்டை, கைலிகளை அலமாரியிலிருந்து இழுத்து ஒரு பழைய சேலையில் போட்டாள். மவுத்தானவர் துணிமணியை ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதைத் தள்ளிப்போடுவது அவளுக்குப் பிடிக்காது.

பாரூக்கின் மனைவி நஸீரா சுவரில் சாய்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த கண்கள். விடியுமுன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர் போயே போய்விட்டார். அவர் கேட்ட கேள்விக்கு இவள் மனசிலிருந்த பதிலைச் சொல்லவே இல்லை.

பெரிய கேள்வி ஒன்றுமில்லை. விண்வெளிக் கதை, மாயாஜாலக் கதை என்றால் இருவருக்கும் சோறு தண்ணி வேண்டாம். அந்தக் கதைப் பைத்தியங்கள் கூடும் மாநாட்டுக்கு ஒருமுறையாவது போய்விட வேண்டும். எந்த ஊர் மாநாட்டுக்குப் போவது என்பதில்தான் வருஷா வருஷம் மல்லுக்கட்டு. அவருக்கு வேஷம் கட்டிக்கொண்டு கும்பலாய்ச் சுற்றும் பெங்களூர் மாநாடு. அவளுக்கு ஒரே புத்தகத்தை நாள் முழுக்கப் பேசும் கொச்சிக் கூட்டம். முடிவாகாமலே இரண்டும் முடிந்துபோகும்.

நேற்று ராத்திரியும் கேட்டார். "இந்த வருசமாச்சும் பெங்களூர் வாரியா?"

"அந்தக் கூத்துல ஒரு புத்தகத்த வைக்கக்கூட எடமிருக்காது."

வருஷா வருஷம் சொல்வதையே சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். போகலாம் என்று மனசுக்குள் முடிவு செய்துதான் இருந்தாள். காலையில் டீ கொடுக்கும்போது சொல்லிக்கொள்ளலாமே என்று ஒரு பிகு. இனி நாலு மாசம் பத்து நாள் இத்தா முடியும்வரை வாசல் தாண்ட முடியாது. மாநாடு அதற்குள் முடிந்துவிடும்.

"என்னம்மா இது?"

அலமாரியின் அடியிலிருந்து நர்கீஸ் ஒரு தோல் கோட்டை உருவினாள். அவர் வேலை பார்த்த தோல் மண்டியில் கழிந்த துண்டுகளைச் செதில் செதிலாக வெட்டித் தைத்தது. வேஷத்துக்கு என்னவோ தைக்கிறார் என்று நஸீராவுக்குத் தெரியும். தனக்குத்தான் தைக்கிறார் என்று நினைத்திருந்தாள்.

நர்கீஸ் அதைத் தூக்கிப் பிடித்தாள். "தம்பிக்கு கைகூட நுழையாதே. ஒன் அளவுலதான இருக்கு."

நஸீரா வாங்கிப் புரட்டினாள். உள்பக்கம் அகலமாக ஒரு பை, விளிம்பில் இரட்டைத் தையல். செல்போனுக்கு இவ்வளவு பெரிய பை வேண்டியதில்லை. எழுந்து போய்த் தலைமாட்டிலிருந்த தடித்த புத்தகத்தை எடுத்து உள்ளே இறக்கினாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

"மூட்டையில வச்சிரவா?" என்றாள் நர்கீஸ்.

"வேணாங்கா. இது இருக்கட்டும்."

அடக்கம் முடிந்து திரும்பும் ஆண்களின் பேச்சு தெருவில் கேட்டது. நர்கீஸ் மூட்டையை முடிந்தாள். நஸீரா கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். புத்தகத்தை வெளியே எடுக்கவில்லை.